என்ன சாப்பிட்டீங்க? குடல் தொற்றின் மூலத்தைப் போனில் தேடும் முறை

2008 கோடையில் அமெரிக்காவில் சால்மோனெல்லா செயின்ட்பால் என்ற குடல் கிருமி பரவியபோது, நோயாளிகளிடம் விசாரித்ததில் முதலில் மாட்டியது தக்காளி. ஜூனில் எச்சரிக்கை வந்தது, கடைகள் தக்காளியை ஒதுக்கின, நோய் நிற்கவில்லை. பிறகுதான் ஹாலபீனோ, செரானோ மிளகாய்கள் பிடிபட்டன. சால்சா என்ற மெக்சிகோ துவையலில் தக்காளியும் மிளகாயும் சேர்ந்தே கிடக்கும். சாப்பிட்டவருக்குத் தக்காளி ஞாபகம் இருக்கும், மிளகாய் இருக்காது. இந்தச் சறுக்கலை மனதில் வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள்.

1. யாரைக் கூப்பிடுவது? ஆய்வகத்தில் ஒரே வகைக் கிருமி உறுதியானவர்களை மட்டும். ஒரே வீட்டில் இருவர் என்றால் முதலில் படுத்தவரை எடுங்கள். இரண்டாமவருக்கு அவரிடமிருந்தே தொற்றியிருக்கலாம். சின்னக் குழந்தை என்றால், அதற்குச் சோறூட்டியவரிடம் பேசுங்கள்.

2. நாள் கணக்கு. ஆஸ்பத்திரியில் சேர்ந்த தேதி வேண்டாம். முதல் தடவை வயிற்றால் போன நாளைக் கேட்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். நோரோவைரஸ் 12 முதல் 48 மணி நேரத்தில் வெளிப்படும். சால்மோனெல்லாவுக்கு 6 மணி முதல் 6 நாள் வரை ஆகும் என்பதால் 7 நாள் உணவைக் கேட்பது வழக்கம்.

3. கேள்வித்தாள். ஆரம்பத்தில் வலையை அகலமாக வீச வேண்டும். இறைச்சி, முட்டை, பால், காய், பழம், கொட்டை என வரிசையாகப் போங்கள். வெளியே சாப்பிட்ட இடங்கள், பயணம், செல்லப்பிராணி (ஆமையிடமிருந்தும் சால்மோனெல்லா வரும்) ஆகியவற்றையும் சேருங்கள். "தக்காளி சாப்பிட்டீங்களா?" என்பது மோசமான கேள்வி. இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"சாண்ட்விச், சாலட், சால்சா, இதில் எதிலாவது வேகவைக்காத தக்காளி இருந்ததா? சால்சாவில் வேறு என்னென்ன போட்டிருந்தாங்க? எந்தக் கடை?"

பதிலுக்கு நான்கு கட்டம் வையுங்கள்: ஆம், இருக்கலாம், இல்லை, தெரியாது. 'தெரியாது' என்றதை 'இல்லை' என்று குறித்தால் குற்றவாளி தப்பித்துவிடும்.

4. அழைப்பு. ஆய்வக முடிவு வந்து பெயர் உங்கள் கைக்குச் சேர்வதற்குள் 2, 3 வாரம்கூட ஓடியிருக்கலாம். அதனால் பேசும்போதே காலண்டரை எடுக்கச் சொல்லுங்கள்: அந்த வாரம் பிறந்தநாள், விருந்து ஏதாவது? பில், கடையின் உறுப்பினர் அட்டை இருக்கிறதா? பகலில் எடுக்காதவர் மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையோ எடுப்பார். பகலோடு நிறுத்தினால் வேலைக்குப் போகிறவர்கள் கணக்கிலிருந்தே விடுபட்டுப் போவார்கள். முதலில் நீங்கள் யார், ஏன் கூப்பிடுகிறீர்கள் என்று சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். உங்கள் சந்தேகத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள். செய்தியில் தக்காளி அடிபட்ட பிறகு எல்லோருக்கும் தக்காளிதான் ஞாபகம் வரும்.

5. ஒப்பீடு. புதியவர்கள் கோட்டை விடும் இடம் இதுதான். 10 நோயாளிகளில் 8 பேர் ஒரு பொருளைச் சாப்பிட்டிருந்தால் அது பெரிய விஷயமா? ஊரில் சாதாரணமாக எத்தனை பேர் அதைச் சாப்பிடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. 70% பேர் சாப்பிடும் பொருள் என்றால், 8 அல்லது அதற்கு மேல் வருவது தற்செயலாகவே 38% நடக்கும். 20% பேர் மட்டும் சாப்பிடுவது என்றால், லட்சத்தில் 8 முறைதான் நடக்கும். அந்த 'ஊர்க் கணக்கு'க்காகவே அமெரிக்காவில் உணவுவழி நோய்களைக் கண்காணிக்கும் ஃபுட்நெட் அமைப்பு நலமாக இருப்பவர்களிடமும் 7 நாள் உணவைப் போனில் கேட்டுத் தொகுத்து வைத்தது. அப்படியொரு கணக்கு கையில் இல்லையென்றால், அதே பகுதியில் நோய் வராதவர்களைக் கூப்பிட்டு, அதே கேள்விகளை அதே நாட்களுக்குக் கேளுங்கள். 20 நோயாளிகளில் 16 பேரும் (சாப்பிடாதவர் 4), நோயற்ற 40 பேரில் 10 பேரும் (சாப்பிடாதவர் 30) சாப்பிட்டிருந்தால், (16×30)÷(10×4) = 12. இந்த 12-ஐ வாய்ப்பு விகிதம் என்பார்கள். 1-ஐ ஒட்டி வந்தால் அந்தப் பொருளை விட்டுவிடலாம்.

சில பொருட்களை நோயாளியின் வாயிலிருந்து வரவழைக்கவே முடியாது. 2011-இல் ஜெர்மனியில் ஈ.கோலை ஓ104 என்ற குடல் கிருமி பரவியபோது, தட்டில் அலங்காரமாகத் தூவிய முளைப்பயிரைத் தொடக்கத்தில் கால்வாசி நோயாளிகளே நினைவுகூர்ந்தார்கள். உணவகத்தில் யார் எதை ஆர்டர் செய்தார்கள் என்று எடுத்து, சமையற்காரரிடம் ஒவ்வொரு பதார்த்தத்திலும் என்ன போட்டார் என்று கேட்ட பிறகே முளைப்பயிர் சிக்கியது. எனவே நோயாளிகள் ஓர் உணவகத்தின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னால், அடுத்த போன் அதன் சமையலறைக்குப் போகட்டும்.