வீட்டில் சிறுநீர்க் குழாய்: கிருமி தொற்றாமல் பார்த்துக்கொள்ளும் முறை

"சிபிடி போட்டிருக்கு, பேக் நிறைஞ்சா ஊத்திடுங்க." வார்டில் கூட்டம் நெரியும் நாளில் மிஸி (நர்ஸ்) சொல்வதற்கு இவ்வளவுதான் நேரம் கிடைக்கும். சிபிடி என்றால் சிறுநீர்ப்பைக்குள் விட்டு வைக்கும் குழாய், பேக் என்றால் அதிலிருந்து வரும் சிறுநீர் சேரும் பை. ஊற்றுவது சுலபம். ஊற்றும்போது கிருமியை உள்ளே விடாமல் இருப்பதற்குத்தான் பழக்கம் வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: இந்தக் குழாய் இன்னும் தேவையா? சிறுநீர் அடைத்துக்கொண்டவர், புட்டத்தில் படுக்கைப்புண் வந்து அது நனையக்கூடாத நிலையில் இருப்பவர், கடைசிக் காலத்தில் அசைத்தாலே வலிக்கிறது என்பவர் போன்றவர்களுக்கு அது வேண்டும். பாம்பர்ஸ் மாற்றச் சிரமம் என்பதற்காக மட்டும் குழாய் வைத்திருந்தால் அது நியாயமான காரணம் ஆகாது. குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 விழுக்காடு. ஒரு மாதம் கடந்தால் கிட்டத்தட்ட எல்லாருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கும். அதனால் ஒவ்வொரு முறை டாக்டரைப் பார்க்கும்போதும், "எப்போது எடுத்துப் பார்க்கலாம்?" என்று கேளுங்கள். சிறுநீர் அடைப்பு இல்லாத ஆண்களுக்கு ஆணுறை போல வெளியே மாட்டும் குழாயும், சிலருக்கு நாளைக்கு நான்கைந்து முறை குழாய் விட்டு உடனே எடுத்துவிடும் முறையும் ஒத்துவரும்.

கிருமி உள்ளே போவது இரண்டு பாதையில். ஒன்று, சிறுநீர்த் துவாரத்தில் குழாய்க்கும் தோலுக்கும் நடுவில். மற்றது குழாயின் உட்புறமாக: பேக்கின் அடியில் உள்ள திறப்பிலிருந்தோ, குழாயும் பேக்கும் சேரும் மூட்டிலிருந்தோ மேலே ஏறும். ஏறிய கிருமி, தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடிப்பதைப் போலக் குழாயின் சுவரில் படலமாக ஒட்டிக்கொள்கிறது. அந்தப் படலத்துக்குள் ஆன்டிபயாட்டிக் சரியாக வேலை செய்யாது. கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டு பாதையையும் அடைத்து வைப்பதற்குத்தான்.

மூட்டைக் கழற்றாதீர்கள்

குழாயும் பேக்கும் சேரும் இடத்தைக் குளிக்க வைக்கவோ, சட்டை மாற்றவோ, வீல்சேரில் உட்கார வைக்கவோ கழற்றக் கூடாது. பேக்கைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டே குளிப்பாட்டலாம். பேக் மாற்றுவது பொதுவாக 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறை. கசிந்தாலோ கிழிந்தாலோ உடனே. பகலில் காலில் கட்டும் சிறிய பேக் இருந்தால் இரவில் அதைக் கழற்ற வேண்டாம். அதன் அடியில் உள்ள திறப்போடு பெரிய பேக்கை இணைத்து, திறப்பைத் திறந்து விட்டால் போதும். மேல் மூட்டு அப்படியே இருக்கும்.

பேக்கை ஊற்றும் முறை

2 லிட்டர் பேக் நிறையும் வரை காத்திருக்காதீர்கள். மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏறக்குறைய 1,300 மில்லி வந்ததும் ஊற்றிவிடுங்கள். அளவு குறைவாக இருந்தாலும் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை ஊற்றுவது நல்லது. கனத்த பேக் குழாயை இழுக்கும். இழுபடும் குழாய் துவாரத்தைப் புண்ணாக்கும்.

முதலில் சோப்புப் போட்டு விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்து 40 முதல் 60 விநாடி கை கழுவுங்கள். கையுறை அதற்குப் பிறகு. கையுறை போட்டாயிற்று என்று கை கழுவாமல் விடுவதுதான் வீடுகளில் அதிகம் நடக்கிறது. அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் ஜக் ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். வீட்டில் இரண்டு நோயாளிகள் இருந்தால் இரண்டு ஜக். ஜக்கைத் தரையில் வைத்துத் திறப்பைத் திறக்கும்போது, திறப்பின் முனை ஜக்கின் விளிம்பில் படக் கூடாது. கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: விளிம்பில் நேற்றைய கிருமி காய்ந்து ஒட்டியிருக்கும், முனையில் ஒரு சொட்டு ஈரம் தொங்கும், இரண்டும் தொட்டால் கிருமிக்கு வழி கிடைத்துவிடும். ஊற்றி முடித்ததும் திறப்பை மூடி, முனையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் காய விடுங்கள். அளவைக் குறித்துக்கொண்டு கழிவறையில் கொட்டி, ஜக்கைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். பிறகு மறுபடியும் கை கழுவுங்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பினாங்கிலும் தண்ணீர் வெட்டு வரத்தான் செய்கிறது. அந்த நாளுக்கென்று ஆல்கஹால் கலந்த கை தேய்ப்பான் ஒரு புட்டி இருக்கட்டும். கையில் அழுக்கு தெரிந்தால் அது போதாது. பிடித்து வைத்த தண்ணீரில் ஒரு குவளையாவது கைக்குச் செலவழியுங்கள்.

பேக் எங்கே தொங்கும்

பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக் கூடாது. தரையில் பாய் விரித்துப் படுக்கும் பெரியவர்களுக்கு இது இரண்டும் சேர்ந்து நடக்காது. பேக்குக்கும் படுக்கைக்கும் உயரமே இல்லாததால் சிறுநீர் குழாயிலேயே நிற்கும், புரண்டு படுத்தால் திரும்பி உள்ளே போகும். கட்டிலுக்கு மாற்றுவது தவிர வேறு வழியில்லை. கட்டிலில் மேலும் கீழும் ஏறி இறங்கும் பக்கக் கம்பியில் மாட்டாமல், அசையாத சட்டத்தில் மாட்டுங்கள்.

காரில் போகும்போது பேக்கை மடியில் வைத்துக்கொள்வது பலருக்கும் வழக்கம். வேண்டாம், காலடிப் பக்கம் தொங்கட்டும். பத்துமலைக்கோ தண்ணீர்மலைக்கோ வீல்சேரில் கூட்டிப்போனாலும் இதேதான். கிளம்பும் முன் பேக்கைக் காலி செய்துவிட்டால் தூக்கி இறக்குவது எளிது.

வீட்டில் இந்தோனேசியப் பணிப்பெண் பார்த்துக்கொள்கிறார் என்றால் கட்டில் பக்கத்துச் சுவரில் "ஜாங்ஙான் அங்காட் பேக் திங்கி" (பேக்கை உயரத் தூக்காதீர்கள்) என்று பெரிதாக மலாயில் எழுதி ஒட்டுங்கள். வாயால் ஒருமுறை சொன்னது அவசரத்தில் மறந்துபோகும்.

குழாயைத் தொடையில் ஒட்டி நிறுத்துங்கள். ஆண்களுக்கு அடிவயிற்றிலும் ஒட்டலாம். கால் நீட்டி மடக்கினாலும் இழுபடாத அளவுக்குக் கொஞ்சம் தளர்வு இருக்கட்டும். நம் ஊர் வியர்வைக்குச் சாதாரண டேப் கழன்றுவரும், பார்மசியில் கிடைக்கும் தொடைப் பட்டி நிற்கும். பட்டி இறுகித் தோல் சிவக்கிறதா என்று தினமும் பார்த்து, இடமும் வலமும் மாற்றுங்கள்.

சுத்தம் செய்வது

நாளைக்கு ஒருமுறை குளிக்கும்போது, அத்தோடு மலம் கழித்த பிறகு ஒவ்வொரு முறையும், சாதாரண சோப்பும் தண்ணீரும். அவ்வளவுதான். டெட்டால் வேண்டாம், பவுடர் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம். கிருமிநாசினி போட்டால் தொற்று குறையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தோல் எரிந்து புண்ணாவதுதான் மிச்சம். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். ஆண்களுக்கு முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவி, கண்டிப்பாக மறுபடி முன்னுக்கு இழுத்துவிட வேண்டும். இதை மறந்தால் தோல் இறுகி வீங்கி, அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டியதாகிவிடும். வெளியே தெரியும் குழாயை உடம்பிலிருந்து பேக் பக்கமாக மட்டும் துடையுங்கள்.

குடிப்பதும் மலச்சிக்கலும்

இதய நோயோ சிறுநீரகக் கோளாறோ இருந்து டாக்டர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுதான். மற்றவர்களுக்கு நாளைக்கு ஒன்றரை முதல் 2 லிட்டர். வெறும் தண்ணீர் இறங்காதவருக்குச் சீனி குறைத்த பார்லி தண்ணீர் கொடுக்கலாம். இளநீரில் பொட்டாசியம் இருப்பதால் சிறுநீரக நோயாளிகளுக்கு ஆகாது. கிரான்பெர்ரி சாறு குழாய் போட்டவர்களுக்குத் தொற்றைத் தடுக்கும் என்று நம்பிப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. வார்ஃபாரின் சாப்பிடுபவர் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

மலச்சிக்கலை யாரும் குழாயோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. குடலில் இறுகிய மலம் அழுத்தினால் சிறுநீர் ஓட்டம் தடைபட்டுக் குழாயின் ஓரமாகக் கசியும். கசிகிறதே என்று இன்னும் பெரிய குழாய் கேட்பது தவறு. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 12 முதல் 16 அளவு போதும், அதைவிடத் தடித்தால் துவாரம்தான் புண்ணாகும். முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள், அடுத்து மலம் ஒழுங்காகப் போகிறதா என்று பாருங்கள்.

குழாய் மாற்றும் நாள் எந்த வகை என்பதைப் பொறுத்தது. லேடெக்ஸ் குழாய் 2 முதல் 4 வாரம், முழு சிலிக்கான் 12 வாரம் வரை. படிமம் கட்டி அடிக்கடி அடைத்துக்கொள்பவருக்கு முன்னதாகவே மாற்ற வேண்டிவரும். படுத்த படுக்கையாக இருப்பவருக்குக் கிளினிக் கெசிஹாத்தானிலிருந்து (அரசாங்கச் சுகாதார கிளினிக்) வீட்டுக்கே வந்து மாற்றித்தரும் சேவை உண்டு. மருத்துவமனையை விட்டு வரும்போதே பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

எது தொற்று, எது இல்லை

சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, நாற்றம் அடிக்கிறது என்பது மட்டும் தொற்று ஆகாது. பேக் ஊதா நிறமாக மாறினால் பதறிப்போவார்கள். மலச்சிக்கல் உள்ளவர்களிடம் சில கிருமிகள் செய்யும் நிறமாற்றம் அது. டாக்டரிடம் காட்டுங்கள், ஆனால் அந்த நிறத்துக்காகவே மருந்து தேவைப்படாது. வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கை எடுத்துக் கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். அடுத்த முறை உண்மையிலேயே தொற்று வரும்போது அந்த மருந்து கேட்காது.

38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நடுக்கம், அடிவயிற்றிலோ விலாவிலோ வலி, சிறுநீரில் புதிதாக ரத்தம், நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று குழம்பிப் பேசுவது: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே டாக்டரிடம் போங்கள். பேச்சு மயங்கி, மூச்சு வாங்கி, கைகால் சில்லிட்டால் 999. முதுகுத்தண்டு அடிபட்டவருக்குத் திடீர்த் தலைவலியும் வியர்வையும் வந்தால் முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உடனே அவசரப் பிரிவு. இரண்டு மூன்று மணி நேரமாகப் பேக்கில் சொட்டுக்கூட விழவில்லை, வயிறு உப்புகிறது என்றாலும் அப்படியே. நீங்களாக ஊசியில் தண்ணீர் ஏற்றி அடைப்பை எடுக்கப் பார்க்காதீர்கள், கழன்று விழுந்த குழாயை மறுபடி உள்ளே தள்ளவும் கூடாது.

பரிசோதனைக்குச் சிறுநீர் கேட்டால் பேக்கிலிருந்து பிடித்துக் கொடுக்க வேண்டாம். மணிக்கணக்கில் தேங்கியதில் கிருமி பெருகியிருக்கும், முடிவு தவறாகும். குழாயிலேயே மாதிரி எடுக்கத் தனி இடம் உண்டு. குழாய் போட்டு 2 வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால், பழையதை மாற்றிவிட்டுப் புதுக் குழாயிலிருந்து எடுப்பதே சரி. குழாய் எந்தத் தேதியில் போட்டது, என்ன வகை, என்ன அளவு, குழாயை உள்ளே பிடித்து நிறுத்தும் பலூனில் எத்தனை மில்லி தண்ணீர் என்பதை அப்பாயின்மென்ட் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். அவசரப் பிரிவில் முதலில் கேட்பது அதைத்தான்.