நீல்சன் கான்செர்டோவில் டிராம்போனை மறந்தவர்கள்

ஆர்கெஸ்ட்ராவோடு ஒற்றை ஃபுளூட் வாசிக்கும் படைப்பான, டென்மார்க் இசையமைப்பாளர் கார்ல் நீல்சனின் ஃபுளூட் கான்செர்டோவைப் புதிதாகக் கையிலெடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். நான் வழுக்கி விழுந்த அதே இடங்களில் அச்சு அசலாக விழுகிறார்கள். விரல் தடுமாறுவது, மூச்சு போதாமல் போவது எல்லாம் ஆசிரியர் கவனித்துக்கொள்வார். அதை விட்டுவிடுவோம். மற்ற தவறுகளைப் பார்ப்போம்.

பியானோவை மட்டும் நம்புவது

எல்லோரும் பியானோ துணையோடுதான் பழகுகிறோம். சரி, வீட்டில் ஆர்கெஸ்ட்ராவா இருக்கிறது? ஆனால் நீல்சன் இங்கே ஒரு குறும்பு செய்திருக்கிறார். ஆர்கெஸ்ட்ராவில் வேறு ஃபுளூட்டும் கிடையாது, டிரம்பெட்டும் கிடையாது. ஒற்றை பாஸ் டிராம்போன், அதாவது கனத்த குரலுள்ள பித்தளை ஊதுகருவி, மட்டும் உண்டு. ஃபுளூட் நளினமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது அது கூப்பிடாத விருந்தாளி மாதிரி உள்ளே நுழையும். பியானோவில் கேட்டால் இது இடது கையில் நாலு சுரம். டிராம்போன் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகிற இடத்தைப் பியானோவால் வாசிக்கவே முடியாது.

என் முதல் ஒத்திகையில் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்ததும் எண்ணிக்கை போய்விட்டது. நின்றுவிட்டேன். கண்டக்டர் மறுபடி தொடங்கினார், மறுபடி நின்றேன். இருந்ததோ ஒரே ஒத்திகை. அதில் பாதி என்னால் வீணானது. அப்புறம் கிளாரினெட் வாசித்தவர் வந்து, "நான் உன்னோடு பேசுகிறேன், நீ பதிலே சொல்வதில்லையே" என்றார். அவர் சொன்னது உண்மை. என் பகுதியைத் தவிர எதுவும் எனக்குத் தெரியாது.

எல்லாக் கருவிகளின் பகுதிகளும் ஒன்றாக அச்சிட்ட முழு ஸ்கோரை வாங்குங்கள். டிராம்போன், கிளாரினெட், டிம்பனி என்கிற பெரிய முரசு மூன்றின் பகுதிகளையும் பாடிப் பாருங்கள். இதைச் சொன்னால் தலையாட்டிவிட்டு, அடுத்த வாரம் தங்கள் பகுதியின் நகலோடு மட்டும் வந்து நிற்பவர்களை என்ன செய்ய?

கீழ்ச் சுரங்களை ஊதித் தள்ளுவது

ஒலி பெருகாது, சுருதிதான் ஏறும்.

முடிவைத் தன் வெற்றியாக வாசிப்பது

1926 அக்டோபரில் பாரிசில் இது அரங்கேறியபோது, முடிவு அவசரத்துக்கு எழுதிய தற்காலிக முடிவு. இன்று நாம் வாசிப்பதை நீல்சன் அப்புறம்தான் எழுதினார். அதில் ஆட்டத்தை முடித்துவைப்பது அந்த முரட்டு டிராம்போன். ஃபுளூட் அதோடு போட்டி போட்டுக் கத்தினால் நகைச்சுவை செத்துவிடும்.

கடைசிப் பக்கத்தில் வேகம் கூட்டுவது

வேண்டாம்.