ஸ்கேன் எடுப்பதற்கு முன்னும் பின்னும்

மருத்துவர் ஸ்கேன் பரிந்துரைத்தால், அது எந்த ஐயத்தைத் தீர்க்க எடுக்கப்படுகிறது என்றும், அதன் முடிவு சிகிச்சையை மாற்றுமா என்றும் முதலில் கேளுங்கள். திடீர்ப் பக்கவாதத்தில் மூளைக்குள் இரத்தம் கசிந்துள்ளதா என்பதைச் சி.டி. ஸ்கேன் சில நிமிடங்களில் காட்டிவிடும். ஆனால் இரத்தக்குழாய் அடைப்பின் பாதிப்பு, முதல் சில மணி நேரத்தில் அதே படத்தில் தென்படாமலும் போகலாம். மணிக்கட்டின் சிறு எலும்பில் ஏற்படும் மெல்லிய முறிவும் முதல் எக்ஸ்ரேயில் மறைந்திருக்கக்கூடும் என்பதால், வலி நீடித்தால் 10 முதல் 14 நாள்கள் கழித்து மீண்டும் படம் எடுப்பது வழக்கம். இதற்கு நேர்மாறாக, முதுகுவலியே இல்லாத பலரின் எம்.ஆர்.ஐ. படத்திலும் முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை போல் இருக்கும் வட்டுகள் (டிஸ்க்) பிதுங்கியிருப்பது தெரிவதுண்டு. ஆகவே அறிக்கையின் ஒரு சொல்லைக் கண்டு அஞ்சாமல், உங்கள் அறிகுறிகளோடு அது பொருந்துகிறதா என்று மருத்துவரிடமே கேட்டறிய வேண்டும். கருவுற்றிருந்தாலோ, உடலில் இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி இருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழைய படங்களையும் கொண்டுசெல்லுங்கள்.