நிஜமா கிராஃபிக்ஸா என்று கேட்பதற்கு முன்

என் பிழைப்பு கம்போசிட்டிங். கேமராவில் எடுத்த காட்சியையும் கணினியில் செய்த உருவத்தையும், இரண்டும் ஒரே வெளிச்சத்தில் ஒரே இடத்தில் இருந்ததுபோல் சேர்த்து வைக்கிற வேலை. கோலாலம்பூர் செந்தூலில் அக்கா வீட்டுக்குப் போனால் பிள்ளைகள் டிவியைக் காட்டி, “சித்தி, இது நிஜமா கிராஃபிக்ஸா?” என்று ஆரம்பித்துவிடுவார்கள். பதில் சொன்னால் பேச்சு அதோடு முடிந்துவிடும். எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக் கொடுத்தால் அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

முதலில் குட்டி அனிமேஷன் படங்களைப் பாருங்கள். பெரிய படத்தில் கதையும் பாட்டும் நம்மை இழுத்துக்கொண்டு ஓடிவிடும். சில நிமிடப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். அனிமேஷனில் எதுவும் தானாக வந்து விழுவதில்லை, அதை மட்டும் மனதில் வையுங்கள். வெளியே கேமராவை வைத்தால் காற்று இலையை அசைத்துவிட்டுப் போகும். இங்கே இலை அசைய வேண்டுமென்றால் ஒருவர் உட்கார்ந்து அசைக்க வேண்டும். ஒரு கண்சிமிட்டல்கூட யாரோ யோசித்து வைத்தது.

தொடங்குவதற்கு ‘லக்ஸோ ஜூனியர்’ நல்ல படம். 1986இல் பிக்ஸார் அனிமேஷன் நிறுவனத்துக்காக ஜான் லாசெட்டர் இயக்கியது. நீளம் இரண்டு நிமிடம் சொச்சம். பெரிய மேசை விளக்கு ஒன்று, சின்னது ஒன்று, ஒரு பந்து. முகம் கிடையாது, பேச்சு கிடையாது, கேமராவும் நகராது. முதல் தடவை நிறுத்தாமல் பாருங்கள். அடுத்த தடவை சத்தத்தை அணைத்துவிடுங்கள். இசை ஊட்டிய உணர்ச்சி எது, அசைவே தந்தது எது என்று தனித்தனியாகத் தெரியும். பந்து நசுங்கியதும் சின்ன விளக்கு தலையைத் தொங்கப் போடுகிறதே, அது சத்தம் இல்லாமலும் மனதைத் தொடுகிறது. அக்கா மகள் பார்த்துவிட்டு, “பெரியது அம்மாவா அப்பாவா?” என்றாள். படத்தை அந்த ஆண்டு கணினி வரைகலை மாநாட்டில் காட்டியபோது, ஜிம் பிளின் என்ற பெரிய ஆய்வாளர் லாசெட்டரிடம் வந்து கேட்டதும் இதே கேள்விதான். நிழலைக் கணக்கிட்ட முறையைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று லாசெட்டர் பயந்துகொண்டிருந்தாராம்.

அப்புறம் ஃப்ரேம் ஃப்ரேமாக, அதாவது அசையாத ஒவ்வொரு படமாகப் பாருங்கள். கணினியில் யூடியூபைத் திறந்து, படத்தை நிறுத்தி, முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ஒரு ஃப்ரேம் முன்னால் போகும். காற்புள்ளி பின்னால் கொண்டுவரும். சினிமாவில் வினாடிக்கு 24 ஃப்ரேம். சின்ன விளக்கு குதிக்கும் இடத்தில் நின்று நிதானமாக நகர்த்துங்கள். குதிப்பதற்கு முன் பதுங்குகிறது. விளக்கு உலோகம், நசுங்காது. அதனால் மூட்டுகளை மடக்கியே பதுங்க வைத்திருக்கிறார்கள். எழும்பும்போது மூட்டு விரிகிறது, இறங்கியதும் மறுபடி மடங்குகிறது. அந்த மடிப்பில்தான் கனம் இருக்கிறது. கனம் தெரியாத அசைவு எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்குப் பிடிப்பதில்லை.

சரி, கிராஃபிக்ஸ் கலந்த பெரிய படங்களுக்கு வருவோம். அங்கே நான் முதலில் பார்ப்பது உருவத்தின் கால்களை. பாதம் தரையைத் தொடும் இடத்தில் ஒரு கெட்டியான சின்ன நிழல் விழ வேண்டும். அது இல்லாவிட்டால் டைனோசராக இருந்தாலும் மிதக்கும். அடுத்து கருப்பு. கிட்டே இருக்கும் பொருளின் கருப்பு ஆழமாக இருக்கும். தூரம் போகப் போகக் காற்றின் வெளுப்பு அதில் ஏறிவிடும். தூரத்தில் நிற்க வேண்டிய உருவத்துக்குக் கிட்டத்துக் கருப்பைக் கொடுத்துவிட்டால், ஒட்டுப் போட்டது உடனே தெரிந்துவிடும்.

இதற்குக் கோலாலம்பூரே பயிற்சி தரும். புகைமூட்டம் உள்ள நாளில் செந்தூலிலிருந்து இரட்டைக் கோபுரத்தைப் பாருங்கள். பக்கத்து மின்கம்பம் கன்னங்கரேலென்று நிற்கும். கோபுரத்தின் நிழல் பக்கம்கூட சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். மழை விட்ட சாயங்காலம் பிரிக்ஃபீல்ட்ஸில் நின்று, நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிளின் டயர் ரோட்டைத் தொடும் இடத்தைக் கவனியுங்கள். பேருந்தின் சிவப்பு விளக்கு ஈரத்தில் நீளமாக இழுபடுவதையும் பாருங்கள். கண் இதற்குப் பழகிவிட்டால் திரையில் பொய் எது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

1993இல் வந்த ‘ஜுராசிக் பார்க்’கை இந்தக் கண்ணோடு மறுபடி பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்தப் படத்தில் கணினியில் செய்த டைனோசர்கள் வருவது சில நிமிடங்கள்தான். மற்ற இடங்களில் ஸ்டான் வின்ஸ்டன் குழு செய்த இயந்திர பொம்மைகள். மழை இரவில் டி-ரெக்ஸ் வரும் காட்சியில் எந்த ஷாட் பொம்மை, எந்த ஷாட் கணினி என்று ஊகித்துப் பாருங்கள். இரண்டும் மாறும் இடம் தெரியாமல் வெட்டியிருக்கிறார்கள், அது எடிட்டிங்கின் கெட்டிக்காரத்தனம்.

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது ரிமோட்டைத் தொடாதீர்கள். புதுச்சேரிப் பையனும் புலியும் வரும் ‘லைஃப் ஆஃப் பை’, 2013 பிப்ரவரியில் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு ஆஸ்கர் வாங்கியது. புலியைச் செய்த ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனம் அதே மாதம் திவால் மனு கொடுத்திருந்தது. நம் ஊர்ப் பக்கமும் அதற்கு ஒரு கிளை இருந்தது. அத்தனை பேர் உழைப்பும் அந்தப் பெயர்ப் பட்டியலில்தான் இருக்கிறது. ரோட்டோ (உருவத்தை ஓரம் பிடித்து வெட்டியெடுப்பது), மேட்ச்மூவ் (கேமராவின் அசைவைக் கணினியில் அப்படியே பிடிப்பது) என்று வரும் வரிகளை நிறுத்திப் படியுங்கள். நடிகரின் முடியோரத்தை ஃப்ரேம் ஃப்ரேமாக வெட்டிக் கொடுத்தவர்கள் அங்கே இருப்பார்கள்.

நம் நாட்டுப் படம் ஒன்றும் பட்டியலில் இருக்கட்டும். மலேசியாவின் முதல் அனிமேஷன் குறும்படமான ‘ஹிகாயாட் சாங் காஞ்சில்’ 1978இல் முடிந்து, 1983இல்தான் திரைக்கு வந்தது. அரசின் திரைப்பட நிறுவனமான ஃபிலெம் நெகாராவுக்காக அதை இயக்கியவர் ஆனந்தம் சேவியர். சருகுமான் கதை பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் கதையை விட்டுவிட்டு அசைவை மட்டும் பார்க்கச் சொல்லலாம். அதுவும் முதலில் சத்தமில்லாமல்.