குதிரையாக நிற்காதீர்கள்

கோபிசெட்டிபாளையம் பக்கம் வார இறுதியில் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லித் தருகிறேன். ஒரு காலத்தில் நான் செய்த அதே தப்புகளை அவர்களும் செய்யும்போது மனசு கேட்பதில்லை. கட்டைவிரலை முஷ்டிக்குள் மடக்குவதையெல்லாம் எந்த மாஸ்டரும் முதல் நாளே திருத்திவிடுவார். ஒரு நிலையின், அடியின் பெயரைத் தப்பாகப் புரிந்துகொண்டால்தான் அது வருடக்கணக்கில் உடம்பில் ஒட்டிக்கொள்ளும்.

குதிரை நிலை

கிபா தாச்சி என்கிற நிற்கும் நிலையைத் தமிழில் இப்படிச் சொல்லிச் சொல்லியே கெடுத்துவிட்டோம். கிபா என்றால் குதிரைச் சவாரி. நீங்கள் குதிரை இல்லை, அதன்மேல் உட்கார்ந்திருப்பவர். "குதிரை மாதிரி நில்லு கண்ணு" என்றுதான் எனக்குச் சொல்லித் தந்தார்கள். நானும் இடுப்பைப் பின்னால் தள்ளி, நெஞ்சை முன்னால் சாய்த்து நின்றேன். முட்டிகள் இரண்டும் தானாக உள்ளே விழுந்தன. கட்டா என்றால் வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொகுப்பு; டெக்கி கட்டா முழுக்க இந்த நிலையிலேயே பக்கவாட்டில் நகர்வது. ஒவ்வொரு அடிக்கும் முட்டி உள்பக்கம் திருகியது. பிரவுன் பெல்ட் தேர்வு நெருங்கும்போது வலது முட்டி வீங்கி, மூன்று மாதம் மாடிப்படி ஏற முடியவில்லை. இன்றைக்கும் யாராவது 'குதிரை நிலை' என்றால் எரிச்சல் வருகிறது.

அந்த ஆடியில் அந்தியூர் குருநாதசாமி திருவிழாக் குதிரைச் சந்தைக்குப் போனேன். சேணம் இல்லாத குதிரைமேல் ஒரு பையன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் தொடைகளுக்கு நடுவே குதிரையின் வயிறு. முட்டி உள்ளே வர இடமே இல்லை. அப்போதுதான் விளங்கியது.

பாதங்கள் இணையாக, தோள் அகலத்தைப் போல் சுமார் இரு மடங்கு விரிந்து, விரல்கள் நேரே முன்னால் பார்க்க வேண்டும். எடை இரண்டு காலிலும் சமம். முட்டியை வெளிப்பக்கம் தள்ளிப் பாதத்துக்கு நேர்மேலே வையுங்கள். போன வாரம் ஒரு பையன், "ஏனுங் மாஸ்டர், இன்னும் தாழ உட்காரட்டுங்களா?" என்றான். "குதிரை வயிறு நசுங்காத வரைக்கும் உட்காரு தம்பி" என்றேன். சட்டென்று முட்டி விரிந்தது.

பூனைக்கால்

நெக்கோ ஆஷி தாச்சி. பதுங்குகிற பூனை என்று கூன் போட வேண்டாம். முன்காலை மெல்ல வைத்துப் பார்க்கிற பூனை இது. எடையில் ஏறக்குறைய 90 சதவீதம் பின்காலில் இருக்கும்.

பாறைமேல் கொக்கு

கன்காக்கு கட்டா. சின்டோ என்ற பழைய பெயரை, ஷோட்டோகான் கராத்தேயைத் தொடங்கிய ஃபுனாகோஷி இப்படி மாற்றினார். ஒற்றைக்காலில் நிற்கும்போது கைகளை இறக்கை மாதிரி ஆட்டுகிறார்கள். நம் நெல்வயலில் நிற்கிற கொக்கைப் பாருங்கள், மீன் வரும்வரை அசையாது. இங்கே உதை கிளம்பும்வரை.

கத்திக்கை

ஷுட்டோ. சுண்டுவிரலால் வெட்டாதீர்கள், அதன் அடிக்கும் மணிக்கட்டுக்கும் நடுவிலுள்ள சதைதான் கத்தி.

ஈட்டிக்கை

நுக்கிதே. விரல்நுனியால் குத்துவது, பலகையில் வேண்டாம்.