குளிர்ப்பகுதி ஆற்றில் கரைந்த கரிமக் கார்பனை அளப்பது எப்படி?

சைபீரியாவின் லீனா, யெனிசே, கோலிமா போன்ற ஆறுகளில் பனி உடைந்து வெள்ளம் புரளும் மே-ஜூன் வாரங்களைத் தவறவிடாதீர்கள். மட்கிய தாவரங்களிலிருந்தும் மண்ணிலிருந்தும் நீரில் கரைந்து வரும் ஆண்டுக் கார்பனில் பெரும்பங்கு அப்போதுதான் கடலுக்குப் போகிறது. கோடை மாதிரி மட்டும் எடுத்தால் கணக்கு குறைந்தே வரும்.

450 டிகிரி செல்சியஸில் 4 மணி நேரம் சுட்ட 0.7 மைக்ரான் கண்ணாடியிழைத் தாளில் வடிகட்டுங்கள். சுடாத தாளில் உள்ள கார்பனும் மாதிரியில் கலந்துவிடும். வடிநீரால் புட்டியை 3 முறை அலசுங்கள். வடித்த பிறகும் நீரின் தேநீர் நிறம் போகாது. அந்த நிறமே கரைந்த கரிமப்பொருள்தான். ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு பிஎச் (அமிலத்தன்மையின் அளவு) 2க்கு இறக்கி, இருட்டில் குளிராக வையுங்கள், இல்லையேல் நுண்ணுயிர்கள் தின்றுவிடும். உறையவைப்பதானால் புட்டியை நிரப்பாதீர்கள், விரிசல் விடும்.

அளந்த கார்பன் செறிவை ஆற்றின் ஓட்டத்தால் பெருக்குங்கள்: லிட்டருக்கு 10 மில்லிகிராம், நொடிக்கு 1000 கனமீட்டர் ஓட்டம் என்றால் நாளுக்கு 864 டன் கார்பன்.