கடினமாக இருந்தால் தேயாதா?

செராமிக்கோடு கடினமான துகளையோ இழையையோ கலந்துவிட்டால் தேய்மானம் தானாகக் குறையும் என்று நம்பித்தான் பலரும் சோதனையைத் தொடங்குகிறார்கள். தவறு அங்கேயே ஆரம்பிக்கிறது. அலுமினா (அலுமினிய ஆக்சைடு செராமிக்) ஏற்கெனவே, கடினமாக்கிய எஃகைவிட சுமார் இரண்டு மடங்கு கடினம். அது தேய்வது பெரும்பாலும் நுண்விரிசல் ஓடி, அதன் நுண்படிக மணிகள் பெயர்ந்து விழுவதால்தான். சிலிக்கான் கார்பைடு விஸ்கர் (மிக மெல்லிய படிக இழை) சேர்ப்பதும் முக்கியமாக அந்த விரிசலை மறிக்கத்தான். ஆகவே கடினத்தை மட்டும் அளந்துவிட்டு, முறிவைத் தாங்கும் திறனை விட்டுவிடாதீர்கள்.

எதன் மீது உரசுகிறது என்பதை மறப்பது இன்னும் பெரிய தவறு. இதே அலுமினா-விஸ்கர் வெட்டுளி இன்கோனல் 718 போன்ற நிக்கல் கலவைகளை அபாரமாகக் கடையும். சாதாரண எஃகில் வைத்தால் சீக்கிரமே அரித்துப்போகும். வெட்டும் சூட்டில் சிலிக்கான் கார்பைடு இரும்போடு வினைபுரிந்துவிடுகிறது. ஜோடிப் பொருள், சுமை, வேகம், ஈரப்பதம் எதையும் சொல்லாமல் 'இதன் தேய்வு வீதம் இவ்வளவு' என்று மட்டும் எழுதிய அறிக்கையை நான் பாதியிலேயே மூடிவைத்துவிடுவேன்.

அப்புறம் தராசு. சுழலும் வட்டின் மேல் ஒரு சிறு முளையை (பின்) அழுத்தி உரசும் பின்-ஆன்-டிஸ்க் சோதனையில் எடை இழப்பை அப்படியே ஒப்பிடக் கூடாது. 10 மில்லிகிராம் என்பது அலுமினாவில் சுமார் 2.5 கன மில்லிமீட்டர், எஃகில் சுமார் 1.3 தான். கன அளவாக மாற்றி, சுமையாலும் ஓடிய தூரத்தாலும் வகுக்க வேண்டும். எஃகுப் பின்னை வைத்து உரசினால், அந்த எஃகு செராமிக் வட்டின் மேல் அப்பிக்கொண்டு வட்டின் எடை கூடவும் செய்யும். மைனஸ் தேய்மானம்! தராசைத் திட்டிப் பயனில்லை. உரசிய தடத்தின் குறுக்குவெட்டை ப்ரொஃபைலோமீட்டரில் (மேற்பரப்பின் மேடுபள்ளத்தை அளக்கும் கருவி) பாருங்கள், அந்தப் பின் எவ்வளவு தேய்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உராய்வு குறைந்தால் தேய்மானமும் குறையும் என்பதும் நிச்சயமில்லை. கார்பன் இழை சேர்த்த சிலிக்கான் கார்பைடு பிரேக் வட்டுக்கு நல்ல உராய்வு இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் வண்டி நிற்காது. ஆனாலும் அது வார்ப்பிரும்பு வட்டைவிட மெதுவாகவே தேய்கிறது.

5 நியூட்டன் சுமையில் வந்த எண்ணை 50 நியூட்டனுக்கு நீட்டுவதும் வழக்கமான கோளாறு. ஓர் எல்லைவரை மேற்பரப்பில் உருவாகும் மெல்லிய படலம் காப்பாற்றும். அதைத் தாண்டியதும் மணிகள் பெயர ஆரம்பித்து, தேய்வு வீதம் பத்து, நூறு மடங்கு என்று தாவும்.